அந்தப் பாலத்தில் பேய் இல்லை

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு விடிகாலையில் நண்பர்களோடு பெசன்ட் நகர் உடைந்த பாலத்துக்குப் போயிருந்தேன். நீங்கள் அடையாற்றின் வடகரையில் வளர்ந்தவர் என்று எங்கோ படித்த ஞாபகம், அதனால் எழுதுகிறேன். ராத்திரியில் அங்கே பேய் நடமாடுகிறது என்கிறார்களே, அந்தக் கதை எப்போது கிளம்பியது? இத்தனை வருஷமாக அதைச் சரிசெய்யாமல் ஏன் பாழாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்? அகலமாக ஒரு பாலம் கட்டினால் பட்டினப்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ஐந்தே நிமிஷத்தில் காரில் போய்விடுவேன். சுற்றுச்சூழல் என்று சொல்லி எல்லாவற்றையும் தடுப்பவர்கள் மேல் கோபம் வருகிறது. கடைசியாக, அடுத்த நாவல் எப்போது?

ஒரு வாசகர், திருவான்மியூர்

அன்புள்ள நண்பருக்கு,

பேய் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் நொச்சிக்குப்பம் அங்காடியில் மீன் வாங்கப் போயிருந்தேன். மடவை இருந்தது. ஆற்று மடவையா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "ஆத்துல ஏதுப்பா மீனு, மொகத்துவாரம் அடைச்சிக்கினு கெடக்குது" என்றார். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுப் பார்த்தால் உங்கள் கடிதம். அந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்டு என்னிடம் வந்த கடிதங்களில், அதை யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்டது ஒன்றுகூட இல்லை. உங்களுடையதும் அப்படித்தான்.

மீனவர்களுக்காகக் கட்டினார்கள். 1967-ல். ஆற்றுக்கு வடக்கே சாந்தோம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம். தெற்கே ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். இரண்டு பக்கமும் ஒரே தொழில், ஒரே கடல், கொண்டான் கொடுத்தான் உறவு. நடுவில் அடையாறு கடலில் விழுகிற இடம். பத்தே வருஷம். 1977-ல் ஆற்றின் வேகத்தில் ஒரு பகுதி போயிற்று. ஒரு பாலத்துக்குப் பத்து வயது என்பது சாகிற வயதா?

எங்கள் வீடு மந்தைவெளியில். ஊரூர் குப்பத்திலிருந்து ஓர் ஆயா கூடையில் மீன் கொண்டு வருவார். திண்ணையில் கூடையை இறக்கிவிட்டு முதலில் நீராகாரம் கேட்பார், அப்புறம்தான் வியாபாரம். பாலம் வருவதற்கு முன்னால் எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்து இறங்கி நடப்பார்களாம். கடலேற்றம் வந்துவிட்டால் யாராவது கட்டுமரத்தில் கொண்டுவந்து விடவேண்டும். யாரும் இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மீன் உட்கார்ந்திருக்குமா?

பாலம் போன பிறகு அவருக்கு இருந்தது ஒரே வழி. குப்பத்திலிருந்து மேற்கே போய், தியசாபிகல் சொசைட்டி தோப்பைச் சுற்றிக்கொண்டு, திரு.வி.க. பாலம் ஏறி, மறுபடி கிழக்கே வரவேண்டும். ஐந்தாறு கிலோமீட்டர். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஏறினாலும் பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவர் வந்து சேரும்போது பதினொரு மணி ஆகியிருக்கும். செவுளைத் திறந்து பார்த்து, கண் உள்ளே போயிருக்கிறது என்று என் அம்மா விலையைக் குறைப்பார். சில மாதங்களில் ஆயா வருவது நின்றது. நாங்கள் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்தோம். நானோ அதே நாட்களில் பையன்களோடு சைக்கிளில் போய் உடைந்த பாலத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். அந்தரத்தில் முடிகிற பாலம், அழகாகத்தான் இருந்தது. ஆயாவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்குப் பல வருஷம் ஆயிற்று. எனக்காவது அப்போது பதினாலு வயது.

வண்டிகளுக்கு 1840-லேயே எல்பின்ஸ்டன் பாலம் வந்துவிட்டது. அது போதாது என்று 1973-ல் திரு.வி.க. பாலம். சக்கரம் வைத்தவனுக்கு ஒன்று போதாவிட்டால் இன்னொன்று. கால்நடையாகப் போகிறவளுக்கு ஒன்று உடைந்தால், அதோடு சரி. வரலாறும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுப் படை ஆற்காடு நவாபின் பெரும்படையை இந்த ஆற்றங்கரையில் தோற்கடித்தது. துப்பாக்கியோடு ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தார்கள் என்று புத்தகங்கள் வியக்கின்றன. ஆயாவும் அவர் மாமியாரும் அதே ஆற்றைத்தான் ஆயுசு முழுக்கக் கூடையோடு கடந்தார்கள்.

இப்போது உங்கள் ஐந்து நிமிஷத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கா வீட்டுக்குப் போகவேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் கடற்கரையில் வருகிற ஒவ்வொரு சாலையும் இப்படி யாரோ ஒருவரின் ஐந்து நிமிஷத்தில்தான் ஆரம்பிக்கிறது. 2010-ஐ ஒட்டி, கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடலோரமாகவே ஒரு மேம்பாலச் சாலை போடப் பார்த்தார்கள். குப்பங்களின் தலைக்கு மேல் கார் போகும், கீழே வலை எங்கே காயும், படகை எங்கே ஏற்றுவது என்று வரைபடத்தில் இல்லை. மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சாலை வரவில்லை. நொச்சிக்குப்பத்தைப் பாருங்கள். வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் இணைப்புச் சாலை வந்தது. அப்புறம் அதே சாலையில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி 2023-ல் மீன் கடைகளை அகற்றினார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து எடுத்த வழக்கு. பெண்கள் மீனைச் சாலையில் கொட்டி மறியல் செய்தார்கள். மறு வருஷம் அங்காடி திறந்தது. நான் மடவை வாங்கியது அங்கேதான். தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தவர் எப்படி இடைஞ்சல் ஆனார்? சாலை வந்த பிறகுதானே? சுனாமியில் வீடு போன சீனிவாசபுரத்துக்காரர்களில் பலரைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டு போனார்கள். இருபது கிலோமீட்டர் தள்ளி. கடலுக்குப் போகிறவன் அங்கிருந்து எத்தனை மணிக்கு எழவேண்டும் என்று ஒருவரும் கணக்குப் போடவில்லை. உங்கள் ஐந்து நிமிஷத்தை மட்டும் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள்.

சுற்றுச்சூழல்காரர்கள் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்தை அடைக்கிற மணலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்குக் காற்று அலையைச் சாய்வாகக் கொண்டுவந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வாடை அடிக்கிற சில மாதங்களில் மட்டும் தெற்கே திரும்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் போட்டு அதைத் தடுத்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமாயிற்று, ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கோடையில் ஆற்றில் சாக்கடையைத் தவிர வேறு தண்ணீர் இல்லாதபோது அந்த மணல் முகத்துவாரத்தை மூடிவிடும். கடலேற்றம் உள்ளே வராது. இறால் குஞ்சு உப்பங்கழிக்குள் ஏறி வளராது, மடவை வராது. அந்த அம்மா சிரித்தது இதற்குத்தான். மழைக்காலத்தில் ஆறு மணல்மேட்டை வேறு இடத்தில் பிளந்துகொண்டு போகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது இந்த வாய் வழியாகத்தான் அத்தனையும் கடலுக்குப் போனது. வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிற ஒரு வாயில் உங்கள் அகலமான பாலத்துக்குத் தூண் எங்கே போடுவது?

அதனால் பாலமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நடந்து போக ஒன்று கட்டட்டும். கூடையோடு போக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக. எந்த இடத்தில் என்று குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுக் கட்டட்டும். நீங்களும் அதில் நடந்தே அக்கா வீட்டுக்குப் போகலாம், பெசன்ட் நகர்க் கரையிலிருந்து இருபது நிமிஷம் ஆகும். போகிற வழியில் அவருக்கு மீன் வாங்கிக்கொண்டு போங்கள், பேரம் பேசாமல்.

நாவல் பாதியில் நிற்கிறது. எதைப் போல என்று தயவுசெய்து பதில் எழுதிவிடாதீர்கள்.