தங்க மணி வைத்த பிறகு காய்ச்சல் வந்தால்? கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பதற்கு முன் உள்ளே தங்க மணி வைக்க வேண்டும் என்கிறார்கள். எதற்கு டாக்டர்?

பதில்: புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அது ஒரே இடத்தில் நிற்காது. மலக்குடலில் காற்று சேர்ந்தாலே சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது, தங்கம் பளிச்சென்று தெரியும். சுமார் 1 மி.மீ. தடிமன், 3 முதல் 5 மி.மீ. நீளம், அவ்வளவுதான். ஊசி வழியாகப் பெரும்பாலும் மூன்று மணி வைப்போம். தினமும் அவற்றைப் பார்த்துத்தான் கதிரைக் குறிவைப்போம்.

கேள்வி: மணி வைத்து இரண்டாம் நாள். மாமாவுக்கு உடம்பு தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல். மாத்திரை கொடுத்துக் காலை வரை பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, இப்போதே கிளம்புங்கள். மலக்குடல் வழியாக ஊசி போட்டிருந்தால் அங்குள்ள கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் இறங்கிவிடக்கூடும். என்னிடம் வந்த பெரியவர் ஒருவர், மகளின் வளைகாப்பு கெட்டுவிடக் கூடாது என்று ஒரு நாள் பொறுத்துக்கொண்டார். வரும்போது கை கால் சில்லிட்டிருந்தது. ஐந்து நாள் ஐசியூவில் வைத்துத்தான் மீட்டோம். அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "புராஸ்டேட்டில் ஊசி போட்டு இரண்டு நாள் ஆகிறது." டிஸ்சார்ஜ் சீட்டையும் முன்பு கொடுத்த ஆன்டிபயாடிக் அட்டையையும் எடுத்துப் போங்கள். அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருக்கலாம், வேறு மருந்து தேவைப்படும்.

கேள்வி: நுரையீரல் கட்டிக்காக இதே மணியை நுரையீரலில் வைத்தால் காற்று கசியும் என்றார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: அது அபூர்வமே இல்லை, நாங்கள் எதிர்பார்ப்பதுதான். கொஞ்சமாகக் கசிந்தால் தானாகச் சரியாகும், அதிகமானால் குழாய் போட்டுக் காற்றை எடுப்போம். வீட்டுக்குப் போன பிறகு நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால் உடனே திரும்பி வாருங்கள். நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஊசி வழியாகக் காற்று நுரையீரல் சிரைக்குள் புகுந்து, இதயம் தாண்டி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் வரலாம். மிக மிக அரிது. ஊசி உள்ளே இருக்கும்போது இருமாதீர்கள், மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்வது அதனால்தான். இருமல் இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கல்லீரலில் வைத்த மணி ஒன்று இதயத்துக்குப் போய்விட்டதாம். ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: கல்லீரல் சிரைக்குள் விழுந்த மணி ரத்தத்தோடு இதயத்தின் வலப்பக்கத்துக்கோ நுரையீரல் தமனிக்கோ போய்விடுவதுண்டு. பதிவான நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. ஈசிஜி, எக்கோ எடுத்து, இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கண்காணிப்பதே வழக்கம். ஆனால் மீதி மணிகள் குறிபார்க்கப் போதுமா என்று உங்கள் கதிர்வீச்சு மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

கேள்வி: பிறகு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. மணி வைத்திருப்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.