கண்ணெரிச்சலும் சாட்சியம்தான்

கேள்வி: அறிவு எது என்று ஆராயும் தத்துவத்தால் எண்ணூர், மணலி மக்களுக்கு ஏதாவது பயன் உண்டா? காற்றுமானி காட்டும் அளவுதான் ஆதாரம். நாற்றமடிக்கிறது என்று குப்பத்து ஜனங்கள் சொல்வது வெறும் பேச்சுதானே? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: ‘வெறும் பேச்சு’ என்று எழுதிவிட்டீர்கள், அதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிப் பிள்ளைகளோடு ஓட வைத்தது மூக்கெரிச்சலும் கண்ணெரிச்சலும்தான். அந்த ஆலை வாசலருகே காற்றில் அம்மோனியா கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததென்றும், வரம்பு 400 என்றும் அதற்குப் பிறகுதான் அறிவித்தார்கள்.

அந்த 400, 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு மணி நேரம் 4,800, மீதி 23 மணி நேரமும் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 296தான் வரும். ‘வரம்புக்குள் இருந்தது’ என்று கோப்பில் எழுதலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறிய குழந்தையைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. குப்பத்தார் கேட்பது இரவு இரண்டு மணியைப் பற்றி. அவர்களுக்குக் கிடைப்பதோ நாள் முழுவதற்குமான பதில். எந்த ஆதாரம் எந்தக் கேள்விக்குச் செல்லும் என்று பிரித்துக் காட்டுவதுதான் நீங்கள் ஐயப்படும் தத்துவத்தின் வேலை.

காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகித்தறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று அறிவு பெறும் வழிகளை, அதாவது அளவைகளை, நம் முன்னோர் வகுத்தார்கள். பழைய தருக்க நூலான நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவரே நம்பத்தக்கவர் என்றார்; அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் அயலாரான மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்தே எழுதினார். பட்டமோ பதவியோ அதில் இடம்பெறவில்லை. ஆள் யார் என்று பார்த்து அவர் சாட்சியத்தின் மதிப்பைக் குறைப்பது அநீதி என்று 2007இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் மிராண்டா பிரிக்கர் விரிவாக வாதிட்டார்.

நாற்றம் எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதை மூக்கு சொல்லாது. அதற்குக் கருதல் வேண்டும், மானியும் வேண்டும். ஆகவே குப்பத்து இளைஞர்கள் நாற்றமடித்த மணியையும், வீசியது வாடையா (வடகாற்று) கச்சானா (மேல்காற்று) என்பதையும், யார் யாருக்குக் கண் எரிந்தது என்பதையும் அன்றன்றே நோட்டில் குறித்துவைக்கட்டும். நாளின் சராசரியை விட்டுவிட்டு, அந்த மணிக்குரிய அளவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்கட்டும். பதில் தர 30 நாள் கெடு உண்டு.