“இலக்கியம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே?”: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் கேட்கிறாள், “அதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிப்பது, நமக்குக் கட்டுப்படியாகுமா?” என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதே கேள்வியை அந்தப் படிப்பே எப்படிக் கையாள்கிறது என்று முதலில் பாருங்கள்.

பாரிஸில் 1732இல் பிறந்தவர் பிரெஞ்சு நாடக ஆசிரியர் போமார்ஷே, கடிகாரம் செய்பவரின் மகன். அப்பாவிடம் தொழில் பழகி, இருபது வயதையொட்டிக் கடிகாரத்துக்கு ஒரு புதிய பொறியமைப்பைக் கண்டுபிடித்தார். அரசருக்குக் கடிகாரம் செய்த பெரிய கைவினைஞர் ஒருவர் அதைத் தனதென்று சொல்லிக்கொண்டார். பையன் விடவில்லை. அறிவியல் கழகத்தில் முறையிட்டு, 1754இல் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கினார்.

அவர் பின்னாளில் எழுதிய நாடகம் ‘ஃபிகாரோவின் திருமணம்’. வேலைக்காரன் ஃபிகாரோவுக்குக் கல்யாணம், மணப்பெண் மேல் எஜமானப் பிரபுவுக்குக் கண். ஐந்தாம் அங்கத்தில் ஃபிகாரோ இருட்டில் தனியே நின்று, இத்தனை செல்வமும் பதவியும் கிடைக்கப் பிரபு அப்படி என்ன செய்துவிட்டார், பிறந்ததைத் தவிர, என்று கேட்கிறான். மரபைவிடப் பகுத்தறிவை முன்வைத்த பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலத்துச் சிந்தனையாளர்கள் கட்டுரைகளில் வாதாடியதை ஒரு வேலைக்காரன் வாயில் வைத்து மேடையேற்றினார் போமார்ஷே. பதினாறாம் லூயி மன்னர் தடை போட்டார். இழுபறிக்குப் பின் 1784 ஏப்ரலில்தான் அரங்கேறியது. அடுத்த ஐந்தாண்டில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அதற்காக நாடகமே புரட்சியைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. நல்ல ஆசிரியர் இந்த நிதானத்தையும் கற்றுத்தருவார்.

1786இல் இசையமைப்பாளர் மோட்சார்ட் வியன்னாவில் இதை இசை நாடகமாக்கினார். அதில் பிறப்பைப் பற்றிய அந்தப் பேச்சு இல்லை; அந்த இடத்தில் ஃபிகாரோ பெண்களைக் குறைசொல்லிப் பாடுகிறான். மூல நாடகத்தை மேடையேற்ற அங்கே பேரரசர் தடை விதித்திருந்தார். எந்த வரி போனது, யாருக்குப் பயந்து போனது, அதை யார் அனுமதித்தார் என்று துருவிப் பார்ப்பதுதான் உங்கள் மகள் படிக்கப்போகும் பாடம். வழக்கறிஞருக்கும் செய்தியாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தினமும் இதுதான் வேலை.

சரி, வேலைக்கு வருவோம். இந்தப் பட்டத்தை வைத்து மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரலாம், பி.எட். முடித்துப் பள்ளிக்குப் போகலாம், எம்.ஏ. படித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதிக் கல்லூரிக்குப் போகலாம். குடிமைப்பணித் தேர்விலும் ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடமாக இருக்கிறது. ஆனால் பட்டத்தோடு நின்றுவிட்டால் ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள், கட்டணச் சுமை பெரிதாக இருக்காது. மிச்சமாகும் பணத்தில் இரண்டாம் ஆண்டிலிருந்து பிரெஞ்சு கற்கட்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் நிறுவனமான அலியான்ஸ் பிரான்சேஸின் வகுப்புகள் நடக்கின்றன. ஆங்கிலம், தமிழ், பிரெஞ்சு மூன்றும் நன்றாகக் கைவந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பிலும் கற்பித்தலிலும் வழி உண்டு.

விண்ணப்பம் போடும் முன் ஒன்று செய்யுங்கள். ஃபிகாரோவின் அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் படித்து உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், சில பக்கம்தான். பாதியில் கொட்டாவி விட்டால் வேறு பாடத்தையும் யோசிக்கலாம். சொல்லி முடித்து உங்களோடு வாதாட உட்கார்ந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.