நர்சிங் முதல் வருடம்: பயமும் பதற்றமும் – கேள்வி பதில்

கேள்வி: மேடம், அடுத்த வாரம் முதல் வார்டு போஸ்டிங். ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா?

பதில்: லாயக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா. ரத்தம் பார்த்ததும் சிலருக்கு நாடியும் பிபியும் சட்டென்று இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரும். அதனால் உடம்பைத் தளர விட்டால் இன்னும் மோசமாகும், இறுக்கத்தான் வேண்டும். கை, வயிறு, தொடை மூன்றையும் 10–15 விநாடி இறுக்கிப் பிடியுங்கள், முகம் சூடேறுவது தெரியும். 20–30 விநாடி விட்டு மறுபடி. இப்படி ஐந்து தடவை. ஹாஸ்டலில் தினமும் பழகினால் டிரெஸ்ஸிங் நடக்கும்போது யாருக்கும் தெரியாமல் செய்யலாம். முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கண் இருட்டினால் அங்கேயே தரையில் உட்காருங்கள்; வெளியே ஓடப் பார்ப்பவர்தான் விழுந்து அடிபடுகிறார். காலை டிபனை விடவே கூடாது.

கேள்வி: பிபி பார்க்கும்போது எனக்குச் சத்தமே கேட்பதில்லை. தோழி டக்கென்று சொல்லிவிடுகிறாள். கை நடுங்குகிறது.

பதில்: ஸ்டெத்தின் காதுமுனை மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, டயாஃப்ரம் (உடம்பில் வைக்கும் வட்டத் தகடு) திறந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். கஃப்பின் (கையில் சுற்றும் பட்டை) கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே இருக்கட்டும். மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடித்து, நாடி மறையும் அளவைக் குறித்துக்கொண்டு முழுக்க இறக்குங்கள். சற்றுப் பொறுத்து, அந்த அளவுக்கு மேல் 30 ஏற்றி, விநாடிக்கு 2–3 மி.மீ. வீதம் இறக்கினால் சத்தம் எங்கே வரும் என்பது முன்பே தெரிந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் வால்வை ஒரேயடியாகத் திறப்பதால்தான் முதல் சத்தம் நழுவிவிடுகிறது. ஒல்லிக் கை, பருத்த கை என்று பலரிடம் பழகுங்கள். அப்படியும் கேட்காவிட்டால், “கேட்கலை சிஸ்டர், ஒரு தடவை பாருங்க” என்று சொல்லுங்கள். 120/80 என்று குத்துமதிப்பாக மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருகிறது…

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். டிபன் சாப்பிடுங்கள்.

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்தவன். அனாட்டமி வகுப்பில் நான் மட்டும் முட்டாள் போலத் தெரிகிறது.

பதில்: சொற்களை உடைத்துப் படியுங்கள் தம்பி. நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், ஐட்டிஸ் என்றால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. பாடத்தை முதலில் நண்பனிடம் தமிழில் விளக்குங்கள்; பிறகு நோட்டை மூடிவிட்டு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பார்த்துப் பார்த்து எழுதுவது ரெக்கார்டுக்கு மட்டும்தான் உதவும்.

கேள்வி: ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவையில் எனக்கு 13 வந்தது. எனக்கு மனநோயா?

பதில்: இல்லை. அதில் பத்து வாக்கியங்கள், 0 முதல் 30 வரை மதிப்பெண். 15-க்குக் கீழே குறைவு என்பார்கள். அது ஆய்வுக்கான கருவி, நோயைக் கண்டுபிடிக்க அல்ல. இன்டர்னல் தேர்வு வாரத்தில் நிரப்பினால் யாருக்கும் குறையலாம். ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினாலும் உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்குப் பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

கேள்வி: நான் ஒரு நர்சிங் ஆசிரியை. நாங்கள் திட்டு வாங்கித்தான் உருப்பட்டோம். இப்போதைய பிள்ளைகளை இப்படித் தாங்கினால் மனஉறுதி எங்கிருந்து வரும்?

பதில்: திட்டுக்குப் பயந்த பிள்ளைதான் மேடம், காதில் விழாத பிபியை 120/80 என்று எழுதுகிறது. உறுதி, செய்து செய்து கை பழகுவதால் வருவது.

கேள்வி (அதே ஆசிரியை): அப்படியானால் தவறைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா?

பதில்: யார் விடச் சொன்னது? நோயாளி முன்னால் கத்தாமல், டியூட்டி ரூமுக்குக் கூப்பிட்டு, தவறிய படியைச் சொல்லி, அங்கேயே மறுபடி செய்ய வையுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசியைத் தன் கையில் குத்திக்கொண்ட மாணவி சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். உங்கள் வார்டில் அவள் சொல்வாளா, மறைப்பாளா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மனஉறுதியைப் பேசலாம்.

கேள்வி: வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) முன் படபடப்பு குறையப் போடச் சொல்லி சீனியர் அக்கா ப்ரோப்ரனலால் மாத்திரை தந்தார். போடலாமா?

பதில்: கூடாது. ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழாயையே இறுக்கிவிடும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.