எர்டிகாவா, காரன்ஸா: வீல்பேஸ் என்றால் என்ன?

மாருதி எர்டிகாவும் கியா காரன்ஸும் மூன்று வரிசைக் குடும்பக் கார்கள்தான்; பிறகு ஏன் உட்காரும்போது வித்தியாசம் தெரிகிறது என்பது கேள்வி. காரைக்குடியில் என்னிடம் எர்டிகா, மைத்துனரிடம் காரன்ஸ். இரண்டையும் ஓட்டியிருக்கிறேன்.

முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை உள்ள தூரமே வீல்பேஸ். எர்டிகாவில் 2740 மி.மீ., காரன்ஸில் 2780. திண்ணைத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள்: இடைவெளி கூடினால் நடுவில் இன்னொருவர் சம்மணமிடலாம். இருக்கைகள் பெரும்பாலும் இந்தத் தூரத்துக்குள்தான் அடங்குகின்றன. அதனால் கால் நீட்ட இடம் கூடுகிறது. வேகத்தடையில் முன்னும் பின்னும் ஆடுவதும் சற்றுக் குறையும். பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது அப்பத்தா காரன்ஸைத்தான் கேட்பார். (நடு இருக்கைக்கு, கடைசி வரிசைக்கு அல்ல; அங்கே இரண்டிலுமே சிறுவர்கள்தான் சுகமாக உட்காரலாம்.)

ஆனால் வீல்பேஸ் நீண்டால் வண்டியைத் திருப்புவதற்கும் அதிக இடம் வேண்டும். கானாடுகாத்தான் சந்துகளில் எனக்கு எர்டிகாவே கைக்கு அடக்கம்.

காரின் மொத்த நீளம் கூடினால் உள்ளே இடமும் அதே அளவு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் எர்டிகா 4395 மி.மீ., அந்தக் காரன்ஸ் 4540, நீளத்தில் 145 மி.மீ. கூடுதல், சக்கரங்களுக்கிடையே கூடியதோ வெறும் 40.