அக்கவுண்டன்ட் போய்விட்டார், பாஸ்வேர்டும் போய்விட்டது

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நாற்பது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். பார்ட்னர்ஷிப். கொஞ்சம் ஏற்றுமதியும் உண்டு. பதினொரு வருடமாக இருந்த அக்கவுண்டன்ட் திடீரென்று நின்றுவிட்டார். ஜிஎஸ்டி ஓடிபி அவர் செல்லுக்குப் போகிறது. கணக்கு எழுதும் சாப்ட்வேரான டாலியைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. கம்பெனி மெயிலையும் வெப்சைட்டையும் யார் வாங்கினார்கள், எப்போது பணம் கட்ட வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. பேக்கப் எடுத்து வைத்திருப்பதாக அவர் சொல்வார், நான் கண்ணால் பார்த்ததில்லை. இனி இப்படி ஆகாமலிருக்க ஒரு ஐடி ஆளை வேலைக்கு வைக்க வேண்டுமா?"

ஐடி ஆள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மனிதருக்கு ஒரு போன் போடுங்கள். சம்பளமோ போனஸோ பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுப் பேசுங்கள். மிரட்டல் வேண்டாம், போலீஸ் பேச்சும் வேண்டாம். நான் பார்த்தவரையில் இப்படி மாட்டிக்கொண்ட இடங்களில் பெரும்பாலும் யாரும் திருட்டுத்தனம் செய்திருக்க மாட்டார்கள். ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்குப் போர்ட்டல் ஒரு மொபைல் எண் கேட்டிருக்கும். முதலாளி கட்டிங் டேபிள் பக்கம் நின்றுகொண்டு, "உங்க நம்பரையே குடுங்க" என்று சொல்லியிருப்பார். அத்தோடு எல்லோரும் மறந்திருப்பார்கள். பதினொரு வருடத்தில் இப்படி எத்தனை இடத்தில் அவர் எண் ஏறியிருக்கும் என்பது அவருக்கே நினைவிருக்காது.

நிலம் வாங்கும்போது நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்! பட்டா யார் பெயரில் இருக்கிறது, தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் ஏதும் உண்டா என்று முப்பது வருடத்தைக் கிளறுகிறோம். கம்பெனி மெயில், டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்), சாப்ட்வேர் லைசென்ஸ் என்று வந்தால் மட்டும், அனுபவிப்பது நாம், பட்டா யார் பெயரிலோ என்று விட்டுவிடுகிறோம். இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது பட்டா மாற்றம்தான்.

அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி டாலியைப் பற்றியது. டாலியில் இரண்டு விதமான பூட்டு உண்டு. ஒன்று, யார் யார் உள்ளே வரலாம் என்பதற்கான யூசர் பாஸ்வேர்டு. இன்னொன்று டாலி வால்ட். கம்பெனி பட்டியலில் உங்கள் கம்பெனி பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகள் தெரிந்தால் வால்ட் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். வால்ட் பாஸ்வேர்டு தொலைந்தால் டேட்டாவை மீட்க வழியே கிடையாது, அதற்காகவே அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் "திறந்து தருகிறேன்" என்று யாராவது வந்தால் முதலில் டாலியை மூடிவிட்டு, டேட்டா போல்டர் முழுவதையும் ஒரு புது எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு என்ன முயற்சி செய்வதானாலும் காப்பியில் செய்யட்டும். லைசென்ஸ் எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜிஎஸ்டி. அவர் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும். போர்ட்டலிலேயே திருத்தம் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் மொபைலையும் மெயிலையும் மாற்றிவிடலாம். அவர் வர மறுத்தாலும் வழி இருக்கிறது. உங்கள் பதிவு எந்த அதிகாரியின் எல்லையில் வருகிறதோ அந்த அலுவலகத்துக்கு, தொழில் உங்களுடையது என்று காட்டும் ஆவணங்களோடு போக வேண்டும். அதிகாரி சரிபார்த்துப் புது எண்ணையும் மெயிலையும் ஏற்றுவார், பாஸ்வேர்டைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். மாநில அலுவலகமா மத்திய அலுவலகமா என்பது உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும்.

ஏற்றுமதி செய்பவர் என்பதால் இன்னொன்று. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) தளத்தில் உங்கள் ஏற்றுமதி இறக்குமதி எண்ணின் விவரங்களை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உறுதி செய்ய வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் "மாறவில்லை" என்று பதிய வேண்டும். விட்டால் எண் முடங்கிவிடும். அந்தக் கணக்கும் அவர் மெயிலில் இருந்தால், சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் உங்களுக்குத் தெரியவரும். நெட்பேங்கிங்கில் அவருக்குத் தனி யூசர் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். பென்டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஏதாவது அவர் மேசையில் கிடந்தால் எடுத்து உங்கள் பீரோவில் வையுங்கள். அது உங்கள் கையெழுத்து, பதினொரு வருடம் அங்கே கிடந்ததே தப்பு.

மெயில் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். மாற்றிய கையோடு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். மீட்பு எண்ணாக யாருடைய செல் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் செட்டிங்கில், வரும் மெயில் வேறு எங்காவது தானாகப் போகும்படி விதி போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இதை அந்த அக்கவுண்டன்ட்டைச் சந்தேகித்துச் சொல்லவில்லை. மெயிலுக்குள் நுழையும் வெளி மோசடிக்காரர்கள் செய்யும் முதல் வேலை இது. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உங்கள் கடிதங்களைப் படிப்பார்கள். பெரிய பேமென்ட் வரும் சமயம் பார்த்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்கு உங்கள் பெயரில் ஒரு மெயில் போகும். வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் மட்டும் ஒருபோதும் தெரிவிக்க மாட்டோம், போனில் உறுதி செய்துகொள்ளுங்கள் என்று பையர்களுக்கு இன்றே எழுதிவிடுங்கள். உங்கள் பக்கம் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

டொமைன் எப்போது காலாவதியாகிறது, எந்த நிறுவனத்தில் பதிந்தது என்பதை ஹூயிஸ் (Whois) என்ற டொமைன் பதிவுத் தேடலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெரும்பாலும் வெப்சைட் செய்துகொடுத்தவர் தன் கணக்கிலேயே வாங்கி வைத்திருப்பார். அதைக் கம்பெனி பெயரில் ஒரு கணக்கு திறந்து மாற்றி வாங்குங்கள். டொமைன் போனால் வெப்சைட் மட்டும் போகாது, அந்தப் பெயரில் வரும் மெயில் எல்லாம் நின்றுவிடும்.

சரி, இதெல்லாம் தீயை அணைக்கும் வேலை. இனிமேல் என்ன?

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். எக்செல் வேண்டாம், குறைந்தது முதல் வருடத்துக்கு வேண்டாம். பக்கத்துக்கு ஒரு பொருள்: அது என்ன, யார் பெயரில், எந்த மொபைலுக்கு ஓடிபி வருகிறது, எப்போது காலாவதி, யார் பணம் கட்டுகிறார்கள், தினமும் கையாள்வது யார். கம்ப்யூட்டர், பிரிண்டர், வைஃபை பெட்டி, கேமரா ரெக்கார்டர் தொடங்கி வங்கி, வரி, பிஎஃப், இஎஸ்ஐ, மின் கட்டணக் கணக்குவரை எல்லாம் ஏறட்டும். பாஸ்வேர்டுகளை மட்டும் இதில் எழுதாதீர்கள். அவை ஒட்டிய கவரில் பார்ட்னரின் லாக்கரில் இருக்கட்டும், அல்லது இதற்கென்றே இருக்கும் பாஸ்வேர்டு மேனேஜரில். எந்த ஒன்றும் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக்கூடாது.

கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கிச் சாதாரண போன் ஒன்றில் போட்டு ஆபீசிலேயே வையுங்கள். எல்லா ஓடிபியும் அதற்கு வரட்டும். ரீசார்ஜ் தேதியையும் நோட்டில் எழுதுங்கள், விட்டுவிட்டால் நாளடைவில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். மெயில் ஐடிகள் ஆள் பெயரில் இல்லாமல் கணக்கு, கொள்முதல், ஏற்றுமதி என்று வேலையின் பெயரில் இருந்தால், ஆள் மாறினாலும் ஐடி நிற்கும்.

இந்த நோட்டை வருடம் ஒருமுறை சரிபார்க்க நல்ல நாள் ஆயுத பூஜை. அன்றைக்குத்தான் எல்லா சிஸ்டத்தையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பொட்டு வைக்கும்போதே எண்ணிவிடலாம்.

கணக்கைத் தவிர உங்கள் கம்பெனியின் தகவல் எங்கே கிடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நோட்டில் ஏறாத சொத்து அங்கேதான் இருக்கிறது. பேட்டர்ன், துணியில் வெட்ட வேண்டிய பாகங்களை அடுக்கிக் காட்டும் மார்க்கர், பையர் அனுப்பிய டெக் பேக் (உடையின் அளவு, துணி, தையல் விவரங்கள்), ஒவ்வொரு ஸ்டைலுக்கும் போட்ட காஸ்டிங், இவை பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் லேப்டாப்பில் இருக்கும். சாயம் போட்டுக் காட்டும் மாதிரித் துணியான லேப் டிப்பில் எந்த ஷேடுக்குப் பையர் சம்மதித்தார் என்பது அவருடைய சொந்த வாட்ஸ்அப்பில் இருக்கும். ஆறு மாதம் கழித்து நிறம் சரியில்லை என்று பையர் தள்ளுபடி கேட்கும்போது அந்த மெர்ச்சண்டைசர் பக்கத்துத் தெருவில் வேறு கம்பெனியில் இருப்பார். அக்கவுண்டன்ட் போனதில் உங்களுக்கு ஒரு வாரம் போகிறது. இது போனால் ஒரு ஆர்டரின் லாபமே போகும். ஆகவே ஸ்டைல் எண் வாரியாக ஆபீஸ் சிஸ்டத்தில் ஒரு போல்டர், ஒப்புதல் எதுவானாலும் அன்றே மெயிலில் உறுதி கேட்டு அந்த போல்டரில் போடுவது என்று வழக்கப்படுத்துங்கள். முதல் இரண்டு மாதம் முணுமுணுப்பார்கள். பையரோடு வரும் முதல் தகராறில் அந்த போல்டர் காப்பாற்றியதும் அடங்கிவிடும்.

பேக்கப். நீங்கள் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. வெளியே காப்பி இல்லை, அளவு பெரிது என்று எடுக்காமலே விட்டிருந்தார்கள். 2017 ஜனவரி 31 அன்று, சாப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். ஐந்து வகையில் பேக்கப், நகல் ஏற்பாடு வைத்திருந்தும் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது.

எனக்குத் தெரிந்த ஒரு ஆபீசில் தினமும் தவறாமல் பேக்கப் எடுத்தார்கள். ஏப்ரலில் புது நிதியாண்டுக்கு டேட்டாவை வேறு போல்டருக்கு மாற்றினார்கள், பேக்கப் மட்டும் பழைய போல்டரையே எடுத்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் ஹார்டுடிஸ்க் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். உங்களுக்கு இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்கும் ஒரு கிளவுட் கணக்கும் போதும். இரண்டு டிஸ்கையும் வாரம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், ஒன்று எப்போதும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். எடுத்து முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும். கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே என்று இருந்துவிடாதீர்கள், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மாதம் ஒரு சனிக்கிழமை வேறொரு சிஸ்டத்தில் அந்த பேக்கப்பை மீட்டுத் திறந்து, டிரையல் பேலன்ஸும் ரொக்கக் கையிருப்பும் பேக்கப் எடுத்த நாளின் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால்தான் அது பேக்கப்.

பழைய வருடங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஒரு வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் இன்னும் அதிகம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. வங்கி, வரி வேலை நடக்கும் சிஸ்டத்தை முதலில் மாற்றுங்கள். மார்க்கர் போடும் பழைய சிஸ்டம் டாங்கிளோடு (சாப்ட்வேர் ஓடுவதற்குச் செருகும் சாவி) ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், இன்டர்நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

இப்போது ஐடி ஆள். நாற்பது பேர் கம்பெனிக்கு முழுநேர ஆள் தேவையில்லை. வைத்தால், அக்கவுண்டன்ட் இருந்த இடத்தில் அவர் உட்கார்ந்துவிடுவார், இன்னும் அதிகச் சாவிகளோடு. வருட ஒப்பந்தத்தில் ஒரு சர்வீஸ் ஆள் போதும். மாதம் ஒருமுறை வந்து போகட்டும், ஆனால் முதன்மைக் கணக்கு எதுவும் அவர் மெயிலில் இருக்கக்கூடாது. சனிக்கிழமைச் சோதனையைப் பார்ட்னர்களில் ஒருவரே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், அரை மணி நேர வேலை. புது அக்கவுண்டன்ட் சேரும் நாளிலேயே அந்த நோட்டின் எந்தெந்தப் பக்கங்கள் அவர் பொறுப்பு என்று கையெழுத்து வாங்குங்கள். விலகும்போது அதே பக்கங்களைப் புரட்டி ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு, அன்றைக்கே கணக்கைத் தீர்த்துப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.