ராணுவக் குடும்பங்களுக்கு மோர்ட்கேஜ் ஆலோசகர்: சொந்தமாகத் தொடங்கலாமா?

கேள்வி: என் கணவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் கார்ப்பரல். இப்போது வட இங்கிலாந்தின் கேட்டரிக் ராணுவ முகாமில் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுவதால் எந்த வேலையிலும் என்னால் நிலைக்க முடியவில்லை. மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆலோசகர்களுக்கான சிமேப் தேர்வின் மூன்று பகுதிகளும் பாஸ் செய்துவிட்டேன். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கே மோர்ட்கேஜ் ஆலோசகராகச் சுயதொழில் தொடங்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தொடங்கலாம். ஆனால் இந்த வருடமே வேண்டாம்.

சிமேப் வாங்கியதால் ஆலோசனை சொல்லும் உரிமை வந்துவிடாது. வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க, உண்மையான சில கேஸ்களை முடித்துக் காட்டிய பிறகுதான் சி.ஏ.எஸ். என்கிற தகுதி நிலையைத் தருவார்கள். அது இல்லாதவரைச் சுயதொழில் அடிப்படையில் சேர்த்துக்கொள்ள நிறுவனங்கள் தயங்கும், ஏனென்றால் உங்கள் ஒவ்வொரு ஃபைலையும் யாராவது உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அதனால் முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஏதாவது ஒரு மோர்ட்கேஜ் புரோக்கர் அலுவலகத்தில் சம்பளத்துக்கே போங்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலையாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'சுயதொழில்' என்பது வரித்துறைக் கணக்கில் மட்டும்தான். 2004 அக்டோபர் கடைசியிலிருந்து பிரிட்டனில் வீட்டுக் கடன் ஆலோசனை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தொழில், இன்று நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ.வின் அனுமதிக் குடை இல்லாமல் ஒரு வார்த்தை ஆலோசனை சொல்லக் கூடாது. நேரடியாக அனுமதி வாங்கலாம், ஆனால் தனி ஆளுக்கு அந்தப் பேப்பர் வேலையே முழுநேர வேலையாகிவிடும். பெரும்பாலோர் போகிற வழி, ஒரு நெட்வொர்க்கின், அதாவது எஃப்.சி.ஏ. அனுமதியைக் கையில் வைத்திருக்கும் பெரிய அமைப்பின், கீழ் இயங்கும் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்வது. உங்கள் ஆலோசனைக்கு அவர்கள் பொறுப்பேற்பார்கள், அதற்குப் பதிலாக உங்கள் வருமானத்தில் பங்கு எடுப்பார்கள்.

அந்த வருமானம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2,00,000 பவுண்டு கடனுக்குக் கடன் நிறுவனம் 0.35 சதவீதம் கமிஷன் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 700 பவுண்டு. உங்கள் பங்கு 60 சதவீதம் என்றால் 420. அது எப்போது கைக்கு வரும்? வீடு கைமாறி, கடன் பணம் போன பிறகு. மார்ச்சில் விண்ணப்பம் போட்டால், வக்கீல்களும் சர்வேயும் முடிந்து ஜூலையில் சாவி, அதற்கப்புறம்தான் உங்கள் 420. நடுவில் விற்பவர் பின்வாங்கினால் பூஜ்யம். ஆயுள் காப்பீட்டுக் கமிஷன் இதைவிட வேகமாக வரும், தொகையும் பெரிது. ஆனால் வாடிக்கையாளர் முதல் சில வருடங்களுக்குள் பாலிசியை நிறுத்திவிட்டால் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கமிஷனை வந்த வேகத்தில் செலவழித்துவிட்டுப் பிறகு கையைப் பிசைந்த ஆலோசகர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன்.

ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் இறங்காதீர்கள். உங்கள் வீட்டில் மாதம் தவறாமல் ஒரு ராணுவச் சம்பளம் வருகிறது. இந்தத் தொழிலைத் தொடங்கும் பலருக்கு அந்த வசதி கிடையாது. வரிக்கும் ஒவ்வொரு வரவிலும் கால் பங்கை ஒதுக்கிவிடுங்கள். முதல் முறை ஜனவரி 31-இல் அந்த வருட வரியோடு அடுத்த வருடத்துக்கான முன்பணமாக இன்னொரு பாதியும் சேர்த்துக் கேட்பார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

சரி, ராணுவக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு ஆலோசகர் எதற்கு? இதற்கு உங்களிடம் தெளிவான பதில் இருந்தால்தான் தொழில் நிற்கும். 'நானும் ராணுவக் குடும்பம்' என்பது முதல் சந்திப்புக்குக் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உங்கள் கணவரின் பேஸ்லிப்பையே எடுத்து வைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்திலேயே, ராணுவ வாழ்க்கையின் சிரமங்களுக்காகத் தரும் எக்ஸ்-ஃபேக்டர் கலந்திருக்கும், அதைத் தனிப் படி என்று நினைத்துக் கழிக்கக் கூடாது. குடும்பத்தைப் பிரிந்திருக்கும் நாட்களுக்கான படி வேறு. அது அடுத்த வருடம் வராமல் போகலாம், சில கடன் நிறுவனங்கள் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது. பிடித்தங்கள் பக்கம் குவார்ட்டர்ஸ் வாடகையும், கவுன்சில் வரிக்குப் பதிலாகப் பிடிக்கும் தொகையும் இருக்கும். வீடு வாங்கிக் குடிபோனால் இந்த இரண்டும் நின்றுவிடும். குடும்பம் குவார்ட்டர்ஸிலேயே இருந்துகொண்டு வேறு ஊரில் வீடு வாங்கினால் நிற்காது. ராணுவ பேஸ்லிப்பைப் பார்த்தே இராத கடன் அதிகாரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விண்ணப்பத்தோடு நாலு வரி விளக்கம் எழுதி அனுப்புவதுதான் உங்கள் வேலை.

அடுத்தது முகவரி. என்னிடம் வந்த ஒரு தம்பதிக்கு ஐந்து வருடத்தில் ஆறு முகவரி, அதில் ஒன்று சைப்ரஸில் பி.எஃப்.பி.ஓ. (ராணுவத் தபால்) எண். சம்பளம் கச்சிதம், கடன் பாக்கி எதுவும் இல்லை, ஆனாலும் ஒரு நிறுவனத்தின் கணினி நிராகரித்தது. காரணம், அவர்களின் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ஃபைலில் பாதி முகவரிகள் இல்லை. வாக்காளர் பதிவு இருந்தால் அது அந்த ஃபைலிலும் தெரியும். ராணுவத்தினரும் அவர்களின் கணவன் மனைவியரும் சர்வீஸ் வாக்காளராகப் பதிவு செய்யலாம், ஊர் மாறினாலும் ஐந்து வருடம் செல்லும். அந்தப் பதிவைச் செய்ய வைத்து, மனிதர் ஃபைலைப் படிக்கும் ஒரு சிறிய பில்டிங் சொசைட்டிக்கு (உறுப்பினர்களுக்குச் சொந்தமான வீட்டுக் கடன் நிறுவனம்) அனுப்பினோம். கிடைத்தது.

ராணுவத்தினர் வீடு வாங்கக் கடன் தரும் ஃபோர்சஸ் ஹெல்ப் டு பை திட்டத்தைத் தலைகீழாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் சோதனையாகத் தொடங்கி இப்போது நிரந்தரமாகிவிட்டது. ஆண்டுச் சம்பளத்தில் பாதி வரை, உச்சமாக 25,000 பவுண்டு, வட்டி இல்லாமல், பத்து வருடத்தில் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். எல்லோரும் 'வட்டி இல்லை' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். 25,000-ஐ 120 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 208 பவுண்டு. கடன் நிறுவனம் அதை ஒரு கார் லோன் மாதிரிக் கழித்துவிட்டுத்தான் எவ்வளவு தரலாம் என்று பார்க்கும். அதனால் முழுத் தொகையையும் எடுப்பதைவிடக் குறைவாக எடுப்பது சிலருக்கு லாபம். இந்தக் கணக்கை வாடிக்கையாளர் முன்னால் பேப்பரில் போட்டுக் காட்டுங்கள்.

விளம்பர விஷயத்தில் ஜாக்கிரதை. ராணுவ மனைவியரின் ஃபேஸ்புக் குழுவில் நீங்கள் சாதாரணமாகப் போடும் 'யாருக்காவது மோர்ட்கேஜ் வேணுமா' என்கிற பதிவும் நிதி விளம்பரக் கணக்கில் வரலாம். நெட்வொர்க் பார்த்து ஒப்புதல் தந்த வாசகத்தைத்தான் போட வேண்டும். முகாமுக்குள் நோட்டீஸ் ஒட்டவும் அனுமதி வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ராணுவ முகாமில் செய்தி வேகமாகப் பரவும். நல்லபடியாக முடித்த ஒரு கேஸ் நாலு பேரைக் கூட்டிவரும். சொதப்பினால் அந்தப் பட்டாலியன் அடுத்த ஊருக்குப் போன பிறகும் அங்கே உங்கள் பெயர் அடிபடும்.

குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு தொழில் நடத்த முன் அனுமதி வாங்க வேண்டும், மறக்காதீர்கள். வெளிநாட்டு போஸ்டிங் வந்தால் என்ன ஆகும் என்பதையும் நெட்வொர்க்கிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். சைப்ரஸிலிருந்து பிரிட்டன் வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்வதை உங்கள் தொழில் பொறுப்புக் காப்பீடு ஏற்குமா, வரி எங்கே கட்டுவது என்பதெல்லாம் போன பிறகு கண்டுபிடிக்கிற விஷயமில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள்: நீங்கள் விலகினால் வாடிக்கையாளர்கள் யாருடையவர்கள்? இரண்டு வருட, ஐந்து வருட ஃபிக்ஸட் வட்டி முடிந்து அவர்கள் திரும்பி வருவதில்தான் மூன்றாவது வருடத்திலிருந்து உங்கள் வருமானம் இருக்கிறது. சில ஒப்பந்தங்களில் அவர்கள் நிறுவனத்துக்கே சொந்தம், நீங்கள் வெளியே போய் ஒரு போன்கூடப் போட முடியாது. நிறுவனம் கொடுத்த வாடிக்கையாளர் என்றால் அது நியாயம். உங்கள் தெருவில் நீங்களே பிடித்த குடும்பத்துக்கும் அதே விதி என்றால், அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் வேறு நிறுவனம் பாருங்கள்.